தொடர்பு விட்டுப்போனவர் ஏழு

நாலாவது தடவை வாங்கிய டாக்சிசைக்ளின் அட்டை
இழுப்பறையில் கிடக்கிறது, உடைக்காமல்.
அருமனையில் மழை. இன்று பால்வெட்டு இல்லை.
தலைவிளக்கை ஆணியில் மாட்டிவிட்டு
டென்சிங் தூங்குகிறான்.
என் முட்டிகள் மட்டும் தனித்தனியாக விழித்திருக்கின்றன.

ஃப்ரைபுர்கில் இரவுப்பணி முடித்துக்
காட்டுப்பாதையில் நடந்தேன், ஒரு ஞாயிறு.
எள்ளளவு உண்ணி, தொடையின் பின்பக்கம்.
பன்னிரண்டு வருடம்
பிறர் உடம்பில் எல்லாம் பார்த்தவள்
அதைப் பார்க்கவில்லை.

மார்த்தாண்டத்து டாக்டர் கேட்டார்:
“லைமா? அது எலுமிச்சையில்லா?”
சிரித்தேன். சிரித்தால் தாடை வலிக்கும்.
மருந்துக்கடைப் பையன் சீட்டுக் கேட்கவில்லை.
“எத்தன அட்ட வேணும்க்கா?”

ஆகவே வாசிக்கிறேன்,
இரண்டு மணியிலிருந்து, கைபேசி வெளிச்சத்தில்.
ஒரு கூட்டத்துக்கு மூன்று மாதம் மருந்து,
மறு கூட்டத்துக்கு அதே நிறத்தில் வெறும் மாவு.
முடிவில் இரண்டு கோடுகளும் கொஞ்சம் ஏறின,
குழித்துறையில் ஒரே பேருந்தைப் பிடித்தவர்கள் மாதிரி
உரசிக்கொண்டு.

மாவு தின்று தேறியவளே,
உன்னிடம் வாராவாரம்
எப்படியிருக்கிறாய் என்று கேட்டது யார்?

நேற்று டென்சிங் பல் தேய்த்தபடி சொன்னான்:
“பட்டமரப்பு வந்த மரத்துல மருந்து தேச்சா
ரெண்டு நாளு பாலு வரும். பொறவு அதுவும் நிக்கும்.”
“பின்ன?”
“வெட்டாம விடணும். செலது வரும். செலது வராது.”
நான் மரமில்லை என்றேன்.
“மரம்ணு நான் சொல்லல்ல” என்றான், துப்பிவிட்டு.
இடது பாதம் அப்போது மரத்துத்தான் இருந்தது.

அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில்:
தொடர்பு விட்டுப்போனவர் ஏழு.
வேலையில் இருந்தபோது
இந்த வரியை நானும் தாண்டித்தான் போயிருக்கிறேன்.
இன்று இங்கேயே நிற்கிறேன்.
ஒருத்தி நன்றாகி, மலையேறப் போய்,
தேதியை மறந்திருக்கலாம்.
ஒருவனுக்குக் குளிகை குடலைக் கெடுத்திருக்கலாம்.
ஒருத்தி, ஃபோன் அடிக்கையில்
எடுக்க எழுந்து
பாதி வழியில் தரையில் உட்கார்ந்து
அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

மழை விட்டது. சிரட்டைகளில் வெறும் தண்ணீர்.
அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறேன்.
காலாவதி அடுத்த மார்ச்.
அதுவரை யோசிக்கலாம்.