புதன்கிழமைக்கு ஒரு ஊர்

செவ்வாய் மதியம் என் டிராம் டெப்போவுக்குத் திரும்பும்.
வியாழன் விடியுமுன், இரண்டு மணிக்கு,
லேஷெக் மாவில் கை வைத்தாக வேண்டும்.
நடுவில் கிடப்பது ஒன்றரை நாள்.
இந்த வருஷம் எங்கள் இருவருக்கும் சேர்ந்து வாய்த்த
ஒரே ஒன்றரை நாள்.

நவம்பர். வூட்ச் நகரம்.
படகு என்று பெயர் வைத்துக்கொண்டு
ஆறுகளைத் தெருவுக்கடியில் குழாயில் அனுப்பிவிட்ட ஊர்.
தண்ணீர் பார்க்கணும் என்றேன்.
சமையலறை மேஜையில் ரயில் வரைபடத்தை விரித்தான்.
சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலைக்கும்
உப்பு ஜாடி, வெள்ளரி ஊறுகாய்,
அவன் மூக்குக் கண்ணாடிக் கூடு, சர்க்கரை டப்பா.
நடுவில் என் முழங்கை.

ஸோபோட் என்றேன்.
கடல், கடலுக்குள் நீளும் மரப்பாலம்,
ஆளில்லாத மணல், பாதி வாடகை.
அவன் உப்பு ஜாடியைச் சற்று நகர்த்தினான்.
முதல் மனைவியோடு தேனிலவுக்குப் போன இடம்.
அதற்கென்ன என்றேன்.
சொன்ன குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டோருன் என்றான். இஞ்சி ரொட்டி.
விடுமுறையிலுமா அடுப்பு வாசம், என்று மடக்கினேன்.
உண்மைக் காரணம் வேறு.
முப்பது வருஷம் முன்பு அங்கே ஒரு வேலைக்கு நேர்காணல்.
இரவல் காலணி. குதிகால் புண்.
ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து
இருட்டும் வரை அழுதேன்.
அந்தப் பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கும்.
பெஞ்சுக்குப் போக்கிடம் ஏது.

ஸகோபனே மலை என்றால்
ரயிலிலேயே பாதி கழிந்துவிடும்.
கிராக்கூவில் அவன் தங்கை.
பார்க்காமல் வந்தால் பகை,
பார்த்தாலோ மூன்று வேளையும் விவாகரத்துக் கதை.
கிழக்கே காட்டெருமைக் காடு என்று இழுத்தான்.
புதன்கிழமை காட்டெருமைக்கு விடுமுறையாக இருந்தால்?
சிரித்தான்.
பிறகு, என்னவோ, யோசித்தான்.
பிறகு அதையும் தள்ளிவிட்டான்.

மணி பதினொன்று. தேநீர் ஆறிப்போயிற்று.
போகலாம் என்று தோன்றிய ஊரிலெல்லாம்
எங்களுக்கு முன்னாலேயே யாரோ அறை எடுத்திருந்தார்கள்.
பெரும்பாலும் நாங்களேதான்.

போய்த் தூங்கலாம் என்று முழங்கையை எடுத்தேன்.
அடியில் குட்னோ.

குட்னோ!
கடலுக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும்
ரயில் மாறுவது அங்கேதான்.
நடைமேடையின் எந்தத் தூணுக்குப் பின்னால் காற்று அடிக்காது,
கழிப்பறைக்கு எவ்வளவு சில்லறை,
எல்லாம் அத்துப்படி.
நிலையத்துக்கு வெளியே
தெரு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும்
இருவருக்கும் தெரியாது.

"அங்கே என்ன இருக்கு?"
"தெரியாது."
"தங்க இடம்?"
"இல்லாமலா போகும்."
"தண்ணீர்?"
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தான்.
ஒரு நீலக் கோடு. தலைமயிர் கனம்.
போதும் என்றேன்.

செவ்வாய் மாலை ஒரே ஒரு பை.
இரண்டு மாற்றுத்துணி,
துணிகளுக்கு நடுவில் துண்டு சுற்றிய கண்ணாடிப் புட்டியில்
அவனது புளித்த கம்பு மாவு.
வேளைக்குத் தீனி போடாவிட்டால் செத்துவிடுமாம்.
பக்கத்து வீட்டில் விடலாமே என்றதற்கு
பிள்ளையை விடச் சொன்னதுபோல் பார்த்தான்.
வழியெல்லாம் மடியில் அது
மெல்லக் குமிழிவிட்டுக்கொண்டு வந்தது.

ஒரு மணி நேரம்தான்.
குட்னோவில் கதவு திறந்ததும்
வழக்கம்போல் எல்லோரும் ஓடினார்கள்.
ஒலிபெருக்கி இணைப்பு ரயில்களைச் சொல்லச் சொல்ல
எங்கள் கால்களும் ஓடின,
படியில் இறங்கி, சுரங்கப் பாதையில் திரும்பி,
எதிர்ப் படியில் பாதி ஏறி.
அங்கே லேஷெக் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.
"தேக்லா, நாம வந்தாச்சு."

மூச்சு வாங்க நின்றோம்.
ரயில்கள் போன பிறகு
நிலையம் எவ்வளவு பெரிதாக இருந்தது!
வெளியே போகும் கதவைக் கண்டுபிடித்து
நான் தள்ளினேன், அவன் இழுத்தான்.