எல்-ஃபோர், எல்-ஃபைவ்

டிஸ்க் நகர்ந்துடுச்சும்மா என்றார் திம்மராயன்.
கையில் இருப்பதா, முதுகில் இருப்பதா என்று
நான் கேட்டிருக்கக் கூடாது.
சிரிக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுபவர்.
தர்மபுரி டாக்டர் மேசையில் இருப்பது
அப்பளம்போல மெலிந்த புது லேப்டாப்,
வட்டு போட அதற்கு வாயே இல்லை.
பென்டிரைவில் ஏத்திட்டு வா என்று அனுப்பிவிட்டார்.
பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழு கடை ஏறி இறங்கி
எட்டாவதாக என் ஜெராக்ஸ் கடை.

என்னுடையதற்கு வாய் உண்டு.
வயது பதினொன்று. கீல் உடைந்து
திரையை ஒரு செங்கல் தாங்குகிறது.
பேட்டரி செத்து மூன்று வருஷம்.
பொத்தானை அழுத்தினால் திறக்காது;
அணைத்துவிட்டு, பிளவுஸ் ஊக்கை நிமிர்த்தி
முகப்பில் உள்ள பொடித் துளையில் விட வேண்டும்.
மூக்குத்தித் துளை அளவுதான்.
நேராக, ஏதோ தடுக்கும் வரை,
அப்புறம் இன்னும் ஒரு நூல்.
தட்டு அரை அங்குலம் நாக்கை நீட்டும்.
மீதியை விரல்தான் இழுக்கணும்.
ஓடும்போது குத்தக் கூடாது. ஒருமுறை குத்தினேன்,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ
தாலி கட்டும் இடம் மட்டும் போயிற்று.

நடுக்குமிழில் வட்டை வைத்து அழுத்தினேன்.
'டக்' கேட்காமல் மூடினால் ரைஸ் மில்லாக அலறும்.
கேட்டது. மூடினேன்.

சுற்றியது. நின்றது. யோசித்தது. சுற்றியது.
வட்டைச் செருகவும் என்றது திரை,
வயிற்றில் வட்டை வைத்துக்கொண்டே.

மறுபடி ஊக்கு.
வட்டின் அடிப்புறம் தக்காளிச் சாறு காய்ந்த கைரேகை.
ஈரத் துணியால் துடைத்தேன்,
நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோட்டில்.
வட்டமாய்த் தேய்க்கத்தான் கை போகும், விடக் கூடாது.
பிறகு பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு
மிளகளவு லென்ஸை,
தூங்கும் பிள்ளைக்குப் பீளை எடுப்பதுபோல.

அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாதாம்.
நாலரைக்கு டோக்கன். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.
இடது மூலைக்கு அடியில் இரண்டு ரூபாய்க் காசை வைத்துச்
சற்றே சாய்த்தேன். ஏனென்று கேட்காதீர்கள்,
எனக்கும் தெரியாது. சத்தம் மாறியது.
நூற்று எண்பத்தேழு கோப்புகள்.

திறந்தேன். கறுப்பில் வெள்ளையாக,
கரும்புக் கணுக்கள்போல, ஒரு முதுகெலும்பு.

குனியக் கூடாதவர் குனிந்து பார்த்தார்.
இதும்மேலயா இத்தனை வருஷம் ஏத்தினேன்?
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்றார்களே, எங்கே என்று
திரையில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனார்.
நான் மூலையில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன்.
சாலம்மா. ஐம்பத்தெட்டு. பெண்.

உறைமேல் அவர் பெயர்தான்.
ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன்,
அடித்து அடித்து நின்றது.

அப்ப என்னோடது?
அந்தம்மாகிட்ட இருக்கும்ணா.
அவங்க இப்ப எங்க இருப்பாங்க?

காரிமங்கலத்திலோ மாரண்டஹள்ளியிலோ
வாய் உள்ள மெஷின் தேடி
இவர் முதுகைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ஒருத்தி கடை கடையாக ஏறி இறங்குவதை
இருவருமே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

ரொம்ப நகர்ந்திருக்கா அவங்களுக்கு?
எனக்குத் தெரியாதுண்ணா.

ஏத்திருங்க இதையும் என்றார்.
அவங்க தேடி வர்றப்ப இது மறுபடி படிக்குமோ படிக்காதோ.
தொண்ணூற்று நாலு சதவீதத்தில் ஒரு கீறலில் மாட்டி
ஒன்பது நிமிஷம் நின்றது. நின்றார்.
முப்பது ரூபாய். அவரே கொடுத்தார்.
உறையில் தன் நம்பரை எழுதினார்,
ஏழு மாதிரித் தெரியும் ஒன்றுகளோடு.

டோக்கன் போய்விட்டது. இருந்தும் பஸ் ஏறினார்,
கம்பியைப் பிடித்து, சீட் காலியாக இருக்கும்போதே.

ஷட்டர் இறக்கப் போனபோது
யாரும் அழுத்தாமல் தட்டு தானே வெளியே வந்தது.
வேண்டும்போது இதைச் செய்யாது.
உள்ளே தள்ளிவிட்டு,
செங்கலை நகர்த்தி, திரையைச் சாய்த்தேன்.