எட்டாம் கிழமைப் பால்தட்டு

போன மாரியில் மூதூர்க் கடைக்காரர் திருப்பி அனுப்பிய
நாற்பத்திரண்டு பைகளும்
பாலையூற்றுப் பட்டறை வாசலில் வந்து குந்தியிருந்தன.
ஒன்றைக் கிழித்தேன். கட்டி.
நசுக்கினால் மணக்கிறது, நுரைக்கிறது,
நீலப் பொட்டுகளும் மங்கவில்லை;
மீன் இரத்தத்தின் முன்னால் மட்டும்
வழி தெரியாத வெளியூரான்போல் நிற்கிறது.

தூங்குது போல, என்றார் முதலாளி வஸ்தியாம்பிள்ளை.
நொதியம் தூங்குவதில்லை ஐயா.
ஈரம் பட்டால் நேரங்கெட்டு விழிக்கும்,
தின்ன வேறொன்றும் இல்லாமல்
தன்னைத்தானே தின்னும்.

போத்தல் அடியில் நிலாவெளி உப்பை
இனிக் கரையாது என்னும்வரை கரைத்து
இறுக்கி மூடினால்
உள்ளே எப்போதும் எழுபத்தைந்து வீத ஈரம்.
காசில்லாத ஆய்வுகூடத்தின் மார்கழி அது.
அதற்குமேல் வலைத்தட்டில் என் குருணைகள்,
முப்பத்தேழு பாகைச் சூட்டில்,
கரண்ட் போகாத நாட்களில்.
கச்சானையும் வாடையையும்
ஒரே போத்தலில் அடைத்துவிட்டேன் என்று
ரிஸ்மியாவிடம் பெருமை பேசினேன்.
இருமிக்கொண்டே சிரித்தாள்.

கிழமைக்கொரு தட்டு.
கடற்பாசிக் கூழில் பால்மாவைக் கலந்து ஊற்றி
நடுவில் துளையிட்டு ஒரு சொட்டு விட்டால்
உயிருள்ளது வெண்மையைத் தின்று
கண்ணாடி வட்டம் ஒன்றை விட்டுவைக்கும்.
அளவுகோலுடன் குனிவேன்.
பதினெட்டு மில்லிமீற்றர். பதினாறு. பதினொன்று.
நான்காம் கிழமை ஒரு பொட்டு.
ஐந்தாம் கிழமை
பால், பால் மட்டும்.

ஈரம்தான் குற்றவாளி என்று எழுதினேன். பாதி சரி.
மீதிப் பாதி அதே பைக்குள் இருந்தது:
வெளுப்பான்.
காற்றின் ஈரத்தைக் குடித்து
மெல்ல மெல்லப் பெரொக்சைட்டைக் கக்குவது.
துணிக்கு நல்லது செய்யவென்றே இரண்டையும் சேர்த்தோம்;
வாளித் தண்ணீரில் இறங்கும்வரை
ஒன்றையொன்று தொடாமல் வைத்திருப்பதுதான்
இந்த வேலை முழுவதும்.

பல்லிமுட்டை இனிப்புச் செய்பவரிடம்
பழைய உருட்டுச் சட்டி ஒன்று வாங்கினோம்.
சீனிக்குப் பதில் முதல் உறை சோடியம் சல்பேற்று.
வெடித்தது.
அடுத்தது கிளைக்கோல் மெழுகு.
மே மாதத்தில் எங்களோடு சேர்ந்து வியர்த்தது.
பிறகு உப்பு உள்ளே, மெழுகு வெளியே,
மெழுகுக்குள் வெள்ளைத் தூள்.

அந்த வெள்ளை வந்த சாக்கில் ஏதோ வெளிநாட்டு எழுத்து.
தைத்தேனியம் என்று நான் சொன்னதும்
புல்மோட்டைக்காரி சாக்கைத் தட்டினாள்:
"எங்கட கறுப்பு மணல்!
கப்பலேறிப் போய் வெளுத்துத் திரும்பியிருக்கு,
விலையைப் பாருங்கோ."
இருக்கலாம் என்றேன்.
சாக்கில் அது எழுதியிருக்கவில்லை.

எட்டாம் கிழமை
தட்டைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்.
வட்டத்துக்குள்ளால் எதிர்க்கடைத் தகரம் தெரிந்தது,
தகரத்தில் ஒரு காகம்.
பதினைந்து மில்லிமீற்றர்.
வஸ்தியாம்பிள்ளை திரும்ப அளக்கச் சொன்னார்,
மூன்றாம் தரம் கண்ணாடி போட்டுத் தானே அளந்தார்,
காகத்தையும் சேர்த்து.

அப்போதுதான் கேட்டது, கேட்காமல் போன ஒன்று.
கலவை இயந்திரத்தடியில் ரிஸ்மியா இருமவில்லை.
எத்தனை நாளாய்?
விரல் மடக்கி எண்ணினாள்.
மூன்றாம் உறை போட்ட கிழமையிலிருந்து.

ஈரத்திடமிருந்து அதைக் காக்கப் போட்ட மெழுகு
அதனிடமிருந்து அவளைக் காத்திருக்கிறது;
தூசு எழும்பவில்லை, அவ்வளவுதான்.
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
பாகை, ஈரவீதம், விட்டம்.
இருமலுக்கு நிரல் இல்லை.
எட்டுக் கிழமையும் நான் பாலைத்தான் அளந்திருக்கிறேன்.

நாளைக்கு மூதூருக்கு நாற்பத்திரண்டு பை.
வாடை தொடங்கிவிட்டது.
பைக்கு வாய் ஒட்டும் இயந்திரம் பழையதுதான்,
இடப்பக்க மூலையில்
இன்னும் கொஞ்சம் காற்று விடும்.