அளவு ஜாக்கெட்

மூர் மார்க்கெட் பின்பக்கம்
நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய கேபிள் பெட்டி.
மூடியைக் கழற்றினால் உள்ளே
ஒரு கரப்பான் காலும்
கட்டைவிரல் நகமளவு சில்லும்.
என் லேப்டாப் பேசுவது அந்தச் சில்லுக்குப் புரியாது.

நிரலோ, பனி விழும் ஏதோ ஊரில்
ஒருவன் பொழுதுபோகாமல் எழுதியது.
கப்பல்கள் காற்றில் சொல்லிக்கொண்டே போகும்
தம் பெயரை, திசையை, வேகத்தை.
அதை ஒட்டுக்கேட்டு எழுத்தாக்கிக் காட்டும்.
இலவசம். எடுத்துக்கொள், பிரித்துப் பார்,
உடைந்தால் என்னைக் கேட்காதே என்று
முதல் கோப்பிலேயே எழுதியிருந்தான்.

திருவொற்றியூர் யார்டில் பதினோரு வருஷமாகக்
கண்டெய்னர் எண்களை டிக் அடிக்கிறேன்.
பெட்டிகளைத் தெரியும். கொண்டுவந்த கப்பல்
ஒன்றின் முகம்கூடத் தெரியாது.
அதற்குத்தான் இந்தக் கிறுக்கு என்றேன்.
"இன்னாவோ பண்ணு, ஃபேனை மட்டும் நிறுத்தாத"
என்றாள் எஸ்தர்ராணி,
தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

முதல் ராத்திரி மேக் என்று அடித்தேன்.
வரிகள் ஓடின,
பேசின் பிரிட்ஜில் ஒருவழியாகச் சிக்னல் கிடைத்த ரயிலாக.
பிறகு நின்றன.
ஒரு லைப்ரரி இல்லை என்றது. கொடுத்தேன்.
அது இன்னொன்றைக் கேட்டது.
அந்த இன்னொன்றுக்கு
வேறொன்றின் பழைய பதிப்புதான் வேண்டுமாம்.
பத்திரிகை வைக்கப் போனால்
மச்சான் வந்தால்தான் வருவேன் என்கிற சித்தப்பா.

மூன்றாம் ராத்திரி எல்லோரும் கூடிவந்து
ஒரே ஒரு கோப்பு பிறந்தது.
பெட்டிக்குள் அனுப்பி ஓடு என்றேன்.
எக்ஸெக் ஃபார்மட் எரர்.
லேப்டாப்புக்கு அச்சாகப் பொருந்தியது;
பெட்டிக்கு ஒரு கைகூட நுழையவில்லை.

எஸ்தர்ராணி கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.
விவரம் சொன்னேன்:
இங்க உட்கார்ந்து செய்யணும்,
அங்க போய் ஓடணும், அதோட அளவுல.
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்:
"அளவு ஜாக்கெட் வாங்கினியா?"

வாங்கவில்லை.

அவள் மடியில் கிடந்தது
கல்மண்டபத்துப் பெண் ஒருத்தியின் பழைய ஜாக்கெட்.
அக்குளில் வெளுத்து, இடது தோள் சற்றே இறங்கி.
அந்தப் பெண்ணை இவள் பார்த்ததேயில்லை.
யாரோ நாத்தனார் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டிக்குள் நுழைந்து
அதன் லைப்ரரிகளை, ஹெடர்களை
அழுக்கோடு அப்படியே நகலெடுத்து
என் பக்கம் ஒரு ஃபோல்டரில் விரித்தேன்.
கம்பைலரிடம் சொன்னேன்:
என்னைப் பார்த்துத் தைக்காதே. இதைப் பார்.

எண்ணூர்ப் பக்கம் ஏதோ டிரிப்பாகிக் கரண்ட் போனது.
பேட்டரி இருபத்திரண்டு நிமிஷம் தாங்கும்.
வியர்வையில் உட்கார்ந்து மூலத்தைப் படித்தேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
அவன் ஒரு குறிப்பு வைத்திருந்தான்:
இதைத் தொடாதே.
ஏன் வேலை செய்கிறதென்று எனக்குத் தெரியாது.
கீழே தமிழில் எழுதினேன்:
எனக்கும்தான்.

மொட்டைமாடியில்
லாசரஸின் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில்
பிவிசி பைப்பில் கட்டிய செம்புக்கம்பி.
ஓடு என்றேன்.
ஓடியது.
முதல் காரியமாகத் தேதி சொன்னது:
1970 ஜனவரி 1, காலை 5.30.
உள்ளே கடிகாரம் இல்லை, பாவம்.
எப்போது எழுப்பினாலும் அதற்கு அதே விடியல்.

பிறகு ஒன்பது நிமிஷம் ஒன்றுமில்லை.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம்.
புறா ஒன்று தூக்கத்தில் முனகியது.
டாங்கிள் கையைச் சுட்டது.

பிறகு ஒரு வரி.
வெஸ்டர்லின். வேகம் பூஜ்யம். நங்கூரத்தில்.

கிழக்கே பார்த்தேன்.
இருட்டில் ஒரு விளக்கு இருந்தது.
அதுதானா, தெரியாது.
அதுதான் என்று வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

சொல்லலாமென்று கீழே வந்தால்
எஸ்தர்ராணி தூங்கியிருந்தாள், ஃபேனுக்கு நேர் கீழே.
மிஷின் மேல் புது ஜாக்கெட்,
பழையதை உள்ளே வைத்து மடித்திருந்தது.
விரித்து இடது தோளை மட்டும் பார்த்தேன்.
அரை இஞ்ச் இறக்கியிருந்தாள்.