செவ்வாய்க்கிழமை வாசகம்

எங்கள் கோவிலில் திங்களில் மட்டுந்தான் பூசை.
முள்ளியவளையிலிருந்து பாதர் மோட்டார்சைக்கிளில் வருவார்,
சோளகத்தில் அங்கியெல்லாம் கிரவல் புழுதி.

அன்று வாசகம் என் முறை.
கண்ணாடியைத் துடைத்துப் பக்கத்தைப் பிரித்தால்
திராட்சைத் தோட்டம்.
கேட்கிற அரசன்.
தரமாட்டேன், இது தகப்பன்வழி வந்தது என்கிற மனிதன்.

முதல் வாங்கில் கிளமென்ற் தலைவர்.
அபிவிருத்திச் சங்கம், மீள்குடியேற்றக் குழு,
கோவில் பரிபாலன சபை
மூன்றுக்கும் அவரே.
வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு போன்.

வாசித்தேன்.
அரசன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான்.
அரசி கடிதம் எழுதினாள், முத்திரை வைத்தாள்.
ஊர்ப் பெரியவர்கள்
கடிதத்தில் கண்டபடியே செய்தார்கள்.

அந்த இடத்தில் நாக்கு இடறியது.

கடிதம் எனக்குத் தெரியும்.
போன மாரியில் நானே எழுதினேன்,
சங்கத்தின் கடிதத்தலைப்பில், நீல மையில்:
பேராற்றங்கரை இரண்டேக்கர் காணியில்
வஸ்தியாம்பிள்ளை என்பவர் ஒருபோதும் குடியிருக்கவில்லை
என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.

ஒருபோதும்.
அவர் கிணற்றில் தண்ணீர் குடித்திருக்கிறேன்.
அவருடைய பெமிற் எரிந்ததோ, நனைந்ததோ,
ஏதோ ஒரு பங்கருக்குள் புதைந்ததோ.
பத்திரம் இல்லாதவருக்குச் சாட்சி வேணும்.
சாட்சி சொன்னோம், இரண்டு பேர்.
கதையிலும் இரண்டு பேர்தான்.

எங்களுக்குக் கல் தேவைப்படவில்லை.
டிப்பர் வந்தது.
இருபத்திரண்டு தென்னையும் மணலோடு போயின.
அவர் இப்போது வவுனியாவில், மகளோடு,
ஒரு கராச்சின் பின்னறையில்.
யாரோடும் கதைப்பதில்லையாம்.

எனக்குக் கிடைத்தது:
வீட்டுத்திட்டப் பட்டியலில்
நாற்பத்தோராம் இலக்கத்திலிருந்து ஆறாம் இலக்கம்.
கூரை ஒழுகுவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

தோட்டத்தைக் கையேற்க அரசன் இறங்கிப் போகிறான்.
அத்தோடு வாசகத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.
மிச்சம் செவ்வாய்க்கு.
ஆண்டவரின் அருள்வாக்கு என்றேன்.
எல்லோரும் நன்றி சொன்னார்கள்,
தலைவர் சற்று உரக்க.

இந்தக் கோவிலில் எந்தக் காலத்திலும்
செவ்வாயில் பூசை நடந்ததில்லை.
எந்தத் தோட்டத்தின் கதையும் இங்கே
எடுத்ததோடு முடிந்துவிடுகிறது.

கேட்காமல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
சோலார் லாம்பில் மறுபக்கம் பிரித்தேன்.
நாய்கள் வருகின்றன. நக்குகின்றன.
அதற்கு நான் பயப்படவில்லை,
வன்னியில் நாய்களைக் கண்டவர்கள் நாங்கள்.
பயந்தது அடுத்த வரிக்கு:
அரசன் சாக்கு உடுத்தித் தலைகுனிய,
தண்டனை அவன் மகனின் நாளுக்குத் தள்ளிப்போகிறது.

தலைவரின் மகன் டிலுக்சனுக்குப் பதினொரு வயது.
பூசைக்கு மணி அடிப்பவன்.
அப்பம் உயரும்போது கண்ணை இறுக மூடுவான்.
போன கிழமை எனக்கொரு கொய்யாப்பழம் தந்தான்,
அணில் கடித்த பக்கத்தை வெட்டிவிட்டு.

ஆண்டவரே, நானும் கணக்கு எழுதுகிறவள்.
உம்முடைய பேரேட்டைத் திருத்த வரவில்லை.
இந்தக் கடனை மட்டும்
பிள்ளையின் பெயருக்கு மாற்றாதேயும்.

இன்னொன்றும் பார்த்தேன்,
மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தேன்.
அரசனுக்கு உண்டு. அரசிக்கு உண்டு. மகனுக்கும் உண்டு.
கடிதத்தில் கண்டபடி செய்தவர்களுக்கு
என்ன நடந்தது என்று ஒரு சொல் இல்லை.
மன்னிப்பா, மறதியா,
இல்லை, அவர்களுடைய செவ்வாய்
இன்னும் வரவில்லையா?

இன்று செவ்வாய்.
பிரதேச செயலகத்தில் மக்களைச் சந்திப்பது புதனில்தான்.
இருந்தும் ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.
பையில் அதே கடிதத்தலைப்பு, அதே நீலப் பேனை.
ஒருபோதும் என்ற ஒரு சொல்லை எடுக்க
எத்தனை வரி எழுதவேணும் என்று தெரியவில்லை.

முன்னால் ஒரு டிப்பர் போகிறது,
தார்ப்பாய் மூடாமல்.
யன்னலைச் சாத்து என்கிறார் கொண்டக்டர்.
கண்ணுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது
ஈர மணல்.