தகடுகளுக்கு நடுவில்

எழுத்துத் தேர்வில் இருபத்தெட்டு.
கைக்கு எல்லாம் தெரியும்.
பேனாவைக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடி
மேக்ஸ்வெல்லின் நாலாம் சமன்பாட்டில் போய் நிற்கும்,
டிப்போ திரும்பும் கடைசி பஸ் மாதிரி.

வாய்க்குத்தான் ஒன்றும் தெரியாது.
ஜனவரியில் அது பத்தொன்பது வாங்கி வந்தது.
இந்த நாட்டில் மதிப்பெண்ணை
வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.
சொன்னேன்.
பேராசிரியர் விஸின்டின் கண்ணாடியைத் துடைத்தபடி
"பிப்ரவரியில் பார்ப்போம்" என்றார்,
பல் டாக்டர் சொல்வதுபோல.

பிப்ரவரி.
ட்ரியெஸ்தேயில் மூன்று நாளாகப் போரா.
மலையிலிருந்து இறங்கிய காற்று
தெருவில் குப்பைத்தொட்டிகளை நடக்கவிட்டிருக்கிறது.
ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சாய்ந்து தூங்குகின்றன.
யாரும் வெளியே போவதில்லை.
படிக்காமலிருக்கச் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

சமையலறையில் துல்லியோதான் என் பேராசிரியர்.
அவன் படிப்பது லத்தீன்.
குளியல் அங்கி, கழுத்தில் என் மஃப்ளர்,
கையில் நான் எழுதிக் கொடுத்த நாற்பத்தொரு கேள்வி.
சரியாகச் சொன்னால் வால்நட் எனக்கு.
திணறினால் அவனுக்கு.
ஓடெல்லாம் அவன் பக்கமே குவிகிறது.

"ஆம்பியர் விதியில் உள்ள குறை என்ன?"
ஏதோ அவருடைய குணத்தைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்கிறான்.

ஒரு மூடிய வளைவரையை எடுத்துக்கொண்டால், என்கிறேன்.
எடுத்துக்கொண்டால்...
எடுத்துக்கொண்டு எங்கே போக?
தாளில் சமக்குறி இருக்கிறது,
இரண்டு கோடு போட்டால் மறுகரை.
வாயில் அது இல்லை.
'ஆகவே' என்று சொல்லிப் பார்க்கிறேன்.
முன்னால் ஒன்றும் இல்லாத ஆகவே.

அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான்.
"இரு. எனக்கே புரியவில்லை.
கம்பியில் மின்னோட்டம் வருகிறது, சரி.
இரண்டு தகடு. நடுவில் ஒன்றுமே இல்லை, சரி.
அந்தப் பக்கக் கம்பியிலும் மின்னோட்டம்.
அப்படியானால் நடுவில் எப்படித் தாண்டியது?"

தாண்டவில்லை, என்றேன்.
இந்தத் தகட்டில் வந்து சேர்கிறது.
அந்தத் தகட்டிலிருந்து கிளம்பிப் போகிறது.
நடுவில் மின்புலம் மட்டும்
கூடிக்கொண்டே இருக்கிறது.
அந்தக் கூடுதல் இருக்கிறதே,
அது எங்கும் ஓடாமல்
ஓட்டத்தின் வேலையைச் செய்கிறது.
சுற்றிலும் காந்தப்புலம் எழுகிறது.

மெல்லுவதை நிறுத்தினான்.
"ஒன்றும் போகாத இடத்திலுமா?"
ஒன்றும் போகாத இடத்திலும்.

ஜன்னல் சட்டம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.
பேசியது நான்தான் என்பது
பிறகுதான் உறைத்தது.
கைகள் இரண்டும் மேஜைக்கு அடியில்
சும்மா கிடந்தன.

வால்நட்டை அவன்தான் தின்றான்.
பட்டியலில் இல்லாத கேள்விக்குப் பரிசு கிடையாதாம்.

*

மூன்றாம் மாடி நடைபாதை.
ரேடியேட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு பதினோரு பேர்.
குலுக்கலில் எஸ் விழுந்திருக்கிறது.
முதலில் போன ஸபாதின் வெளியே வருகிறான்.
"என்ன கேட்டார்?" பத்து வாய், ஒரே கேள்வி.
"காஸ். அப்புறம் திடீரென்று சோப்புக் குமிழி."
சோப்புக் குமிழியா?
பத்துப் பேரும் நோட்டைப் புரட்டுகிறோம்,
அதில் எங்கேயோ சோப்பு இருப்பதுபோல.

"ஸான்சின், நெரீனா."

நேராகக் கரும்பலகைக்குப் போய்
சாக்பீஸை எடுத்தேன்.
கைக்கு அவசரம்.
"அது பிறகு. உட்காருங்கள்" என்றார்.
"உங்களுக்குப் பிடித்த ஏதாவதிலிருந்து ஆரம்பியுங்கள்."

நாற்பத்தொன்றில் அது இல்லை.
எனக்குப் பயமானதெல்லாம் வரிசை எண்ணோடு தெரியும்.
பிடித்ததை யாரும் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

விரலில் ஒட்டிய வெள்ளையை
பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"இரண்டு தகடுகள்," என்றேன்.
"நடுவில் ஒன்றுமே இல்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.