தொப்பூர் ஏற்றத்தில் மோர்

மூன்றாம் வளைவில் இருமியது.
நான்காம் வளைவில்
சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோகும் விருந்தாளி மாதிரி
எஞ்சின் போய்விட்டது.
வண்டி மட்டும் இருந்தது,
பின்னோக்கி உருளத் தயாராக.

ஹேண்ட் பிரேக். சக்கரத்துக்குக் கல்.
வைகாசி, மணி பத்து நாற்பது.
ஒரு மணிக்குள் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீசில்
எஃப்.சி.க்கு நிற்க வேண்டும்
அறுபத்தேழாம் வருடத்து ஹெரால்டும்
அதற்கு ஆறு வயது இளையவளான நானும்.

ஹெரால்டின் பானெட் மற்ற வண்டிகள் போலத் திறக்காது.
முகம், விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து
முன்பக்கமாகக் கவிழும்,
தாடையைக் கழற்றி ரோட்டில் வைத்த மாதிரி.
பார்ப்பவருக்கு விபத்தென்றே தோன்றும்.
ஆகவே எல்லோரும் நின்றார்கள்.
பைக்கில் வந்தவர்: காயில் போச்சு மேடம்.
பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான்: இல்ல, ஹெட் கேஸ்கெட்.
காரைவிட்டு இறங்காமலே ஒருவர்:
வித்துடுங்க.

நான் வரிசையாகப் போகிறவள்.
இருபத்தாறு வருடம் கூட்டுறவு வங்கியில்
பத்து பைசா இடித்தாலும்
பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டியவள்.
ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை.
தொட்ட தழும்பு வலது மணிக்கட்டில் இருக்கிறது, போன வருடத்தது.
முள் சிவப்புக்கு ஒரு விரற்கடை கீழே:
தண்ணீர் மேல் குற்றமில்லை.
பிளக் ஒயரைப் பிடுங்கி இரும்பருகே காட்டி
பைக்காரரைச் சாவி திருப்பச் சொன்னேன்.
நீலமாய்த் துடித்தது பொறி.
காயில் மேலும் குற்றமில்லை.
அவர் முகம் கொஞ்சம் வாடிற்று.

மிச்சம் பெட்ரோல்.
பம்பின் தலையில் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம்.
உள்ளே குமிழ், குமிழ்மேல் குமிழ்,
பொங்கப்போகிற பால் ஓரம் கட்டுவதுபோல.
எண்ணெய்க்குப் பதில் ஆவி.
காற்றைக் குடித்துக் காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது பம்பு.
ஈரத்துணி வேண்டும், நேரம் வேண்டும்.

இரண்டும் இல்லை.
தண்ணீர் பாட்டில் சேலம் தாண்டுமுன்பே காலி.
பின்னால் வந்து நின்ற லாரியில் வெறும் தக்காளிக் கிரேட்டுகள்,
அதன் எஞ்சினும் பெருமூச்சு விட்டபடி.
டிரைவர் சென்றாயன், பாலக்கோட்டுக்காரர்,
கேனைக் கவிழ்த்துக் காட்டினார்:
"இப்பத்தான்க்கா இதுக்கு ஊத்துனேன், முழுசா."
தோளிலிருந்த சிவப்புத் துண்டை மட்டும் தந்தார்.

மோர் இருந்தது.
நாத்தனார் தூக்குவாளியில் தந்த இரண்டு லிட்டர்,
கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம்,
கொட்டாமல் கொண்டுபோ என்ற உத்தரவோடு.

கொட்டினேன்.

துண்டு சுற்றிய பம்பு ஸ்ஸ் என்றது.
தொப்பூர்க் கணவாய் முழுக்க
யாரோ ரசம் வைக்கிற வாசனை.
மீதியைக் குடிக்கலாமா என்று கேட்டுக் குடித்தார் சென்றாயன்.
உப்பு கம்மி என்றார்.

நிழலுக்கு லாரியே மரம்.
கிலோ நாலு ரூபாய்க்குச் சேலத்தில் போட்டுவிட்டு வருகிறாராம்.
டீசல் இவ்வளவு, சுங்கம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்றார்.
அந்தக் கணக்கை நான் கூட்டவில்லை.

இருபது நிமிடம் கழித்துப் பம்பின் கைநெம்பை அழுத்தி அழுத்தி
ஒரு குமிழ். இன்னொன்று.
பிறகு கிண்ணம் நிறையத் தெளிவு.
இரண்டு முனகல்; மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
மச்சான் கை தட்டினான்.

தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம்,
மாங்காய் வண்டிகளின் பின்னே, ஓரிடத்திலும் அணைக்காமல்.
ஓடும்வரை எஞ்சினுக்குக் காற்று உண்டு.
நின்ற பிறகுதான் சூடு மேலேறும்.

பன்னிரண்டு ஐம்பது.
இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று வந்தார். ஹாரன், வைப்பர், விளக்கு.
மூக்கை உறிஞ்சினார்.
"என்னம்மா, தாளிச்ச வாசனை?"
"மோர், சார்."
படிவத்தைப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை.

"எல்லாம் சரி. ஒருதரம் அணைச்சுட்டு
மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

சாவிமேல் என் கை.
பம்பின் மேல் சென்றாயன் துண்டு,
இந்நேரம் காய்ந்திருக்கும்.